விறகு அக்காவின் முதல் சூடு

“சூடு வரலேன்னா நாளைக்கே பழைய எண்ணெய் பாய்லருக்குத் திரும்பிடுவோம்,” என்றார் பொருளாளர், கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு.

ஊர் மன்றத்தின் பாய்லரைப் பார்த்துக்கொள்பவளுக்கு விறகு அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. புயலில் சாய்ந்த மரங்களையும் தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளையும் எரித்தே தண்ணீர் காய்ச்சி, அதைக் குழாய்களில் ஓடவிட்டு இந்தக் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று கமிட்டியோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். இன்று முதல் நாள். வெளியே பனி கொட்டியும் பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

“வரும் சார். நான் பத்தவெச்ச தீ.”

வந்தது. சற்று நேரத்தில் பொருளாளரின் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

‘உள்ளே கதகதன்னு இருக்காம்’ என்ற சேதி தெருவுக்குப் பரவ, மீதி ஊரும் கிளம்பி வந்தது. ஒரு நாற்காலியில் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

“என்னம்மா, எங்களை அவிக்கப் போறியா?” பொருளாளர் கோட்டையே கழற்றிவிட்டார்.

அக்கா கீழே பாய்லர் அறைக்கு ஓடி, தீக்குப் போகும் காற்றைக் குறைத்தாள். மேலே வந்து பார்த்தால் இன்னும் புழுக்கம். வாசலில் நின்றவர்களும் உள்ளே நுழைந்திருந்தார்கள். மறுபடி ஓடி, விறகு போடுவதையே நிறுத்தினாள். மூச்சிரைக்கத் திரும்பியபோது மன்றத் தலைவர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

“தீயைக் குறைச்சியா இல்லையா?”

“விறகே போடல சார். அப்பவும் ஏறுது!”

“விறகு போடாமலே இந்தச் சூடா!”

தலைவர் மேடைக்குத் தாவினார். “கேட்டீங்களா? இனிமே பள்ளிக்கூடத்துக்கும் விறகுதான்!”

கைதட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. பொருளாளர் நெற்றி வியர்வையை வழித்தபடி எழுந்து வந்தார். “ஒத்துக்கறேன்மா. நீ கெட்டிக்காரிதான்.”

அக்கா நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். பாய்லரையும் மேலே தூக்கி வந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது குழாய் வேலைக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கையிலிருந்த கரியைத் துடைத்தார்.

“கோவிச்சுக்காதக்கா. இவ்ளோ ஜனம் நெருக்கி உக்காந்திருந்தா எப்படியும் குளிராதுன்னு நிதானமா வேலை பார்த்தேன். ஹாலுக்குச் சுடுதண்ணி போற குழாயை இப்பத்தான் திறந்துவிட்டேன். இனிமேதான் சூடு ஏறும்!”