மெஷின் ஓடும்போது பேசிய சம்பந்தம்

"பொண்ணு என்னங்க படிக்குது?" என்று தரகர் ராக்கையா மூன்றாவது முறையாகக் கத்தினார்.

"ஆந்த்ரபாலஜிங்க. வடக்கே" என்று லிங்கசாமியும் கத்தினார்.

அவருடைய பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. அவசர ஆர்டர், நிறுத்த வழியில்லை. தரகர் சொன்னதில் பாதியை மெஷின் தின்றுவிட்டாலும், பையன் அமெரிக்கா, முதலாளி என்ற இரண்டு வார்த்தையும் லிங்கசாமி காதில் தேனாகப் பாய்ந்தன.

மகள் மயிலாள் நார்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் சூரியனே தலைகாட்டாத ஓர் ஊரில், யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். மனுசன் மனுசனோடு எப்படிப் பழகுகிறான் என்று பார்க்கிற படிப்பாம். அதைத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றே படிக்கலாமே என்று ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளையாவது அமைந்தால் பிள்ளை அங்கே தனியாகக் கிடக்காது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

மறுவாரம் தரகர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பொண்ணு ஆந்திராவுல பாலாஜி சன்னிதியிலயே படிக்குதுன்னதும் பையனோட அம்மா காளியாத்தாள் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இந்தப் பொண்ணை உடவே மாட்டாங்களாமா."

லிங்கசாமி திருத்துவதற்காக வாயைத் திறந்தார். அமெரிக்கா ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கம் கிராமத்திலிருந்து காளியாத்தாளும் அவர் கணவர் நல்லானும் லிங்கசாமி வீட்டில் வந்து இறங்கினார்கள்.

"பாலாஜி லட்டு இருக்குதுங்களா?" என்பதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி.

லிங்கசாமி கொல்லைப்புறமாக ஓடிப்போய்த் தெருமுனை பேக்கரியில் வாங்கி வந்தார். நல்லான் ஒரு கடி கடித்தார். அதற்கப்புறம் அவர் வாய் வேறு எதற்கும் திறக்கவில்லை.

"பொண்ணு போட்டோ?"

கைவசம் இருந்தது ஒன்றே ஒன்று, மயிலாள் அங்கிருந்து அனுப்பியது. காளியாத்தாள் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"ஏனுங்க, தலையை இப்படிப் பொத்தி மூடியிருக்குது?"

"மொட்டைங்க. வேண்டுதலை."

"கீழ ஒரே வெள்ளையா இருக்குதே?"

"அன்னதானத்துக்கு அரிசி காயப் போட்டிருக்காங்க."

"பக்கத்துல கொம்போட நிக்கறது?"

"கோசாலை மாடுங்க."

"கொம்பு மரக்கிளையாட்டம் இருக்குதுங்களே?"

"ஆந்திரா மாடுங்க. அப்படித்தான் இருக்கும்."

காளியாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கே வேன் புடிச்சிரலாமுங்க. பெருமாளையும் பார்த்தாப்பல, பொண்ணையும் பார்த்தாப்பல. நீங்க முன்சீட்டுல உக்காந்து வழி சொல்லுங்க."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். லிங்கசாமிக்கு முன்சீட்டே கிடைத்துவிட்டது. இனி மேலே புளுக அவரிடம் சரக்கு இல்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா. பாலாஜியும் இல்லை, மொட்டையும் இல்லை. ஆந்த்ரபாலஜின்னு ஒரு படிப்புங்க. மெஷின் சத்தத்துல தரகருக்கு வேற மாதிரி கேட்ருச்சு. அது அரிசி இல்லை, பனி. மாடு இல்லை, மானு. பொண்ணு நார்வேயில ஒத்தையில இருக்குதுங்க. நல்ல எடம் தவறிருமோன்னு பயந்துட்டேன்."

காளியாத்தாள் போட்டோவை மறுபடியும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"அப்ப மொட்டை போடலீங்களா?"

"இடுப்பு வரைக்கும் சடைங்க."

"அது போதும். சாமி கிட்ட இல்லாட்டி என்ன, படிக்கற புள்ளைதானே. ஆனா அம்புட்டுத் தூரத்துக்கு எங்க பையன் எப்படீங்க போவான்?"

லிங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டே சிரித்தார்.

"அமெரிக்காவுல முதலாளியா இருக்கற மாப்பிள்ளைக்கு நார்வே ஒரு தூரமுங்களா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை பேசாத நல்லான், கடித்த லட்டைத் தட்டில் வைத்தார்.

"எங்க பையன் அமராவதி டேம் பண்ணையில முதலைக்குத் தீனி போடறானுங்க, சம்பந்தி."