டிக்கி ரப்பருக்கு அடியில் ஒரு நிறம்

அந்தச் சத்தத்தை வெண்டல் ஷுமேக்கர் சிறுவனாக இருக்கும்போது கேட்டான். ஃபிளிண்ட் நகரத்தில், செங்கல் பாவிய பெரிய வீதியில், சிவப்பு விளக்குக்கு நின்ற ஏதோ ஒரு காரின் உறுமல். அடிவயிற்றிலிருந்து எழுந்து, சற்றே தணிந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்தது. பக்கத்தில் சைக்கிளில் நின்றவனுக்குப் பல் ஆடியது. விளக்கு மாறியதும் கார் போய்விட்டது. சத்தம் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல அவன் மார்புக்கூட்டுக்குள் தங்கிவிட்டது.

தலை நரைத்த பிறகு அப்படி ஒரு காரை அவன் வாங்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் செய்த, பெரிய எஞ்சின் வைத்த ஷெவெல். மனைவி நோரீன் வேண்டாம் என்று சண்டை போட்டாள். அவள் சண்டை போட்டதால்தான் வாங்கினான் என்றும் சொல்லலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் காலை அவன் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் பத்திரிகை விரிந்து கிடந்தது.

"இந்தக் கூத்தைப் பாரேன்," என்றாள் நோரீன், முட்டையைப் புரட்டியபடி. "எவனோ பண்ணைக் கொட்டகையில கிடந்த பழைய ஷெவெலை விக்கிறானாம். மேல பூரா கோழி எச்சமா இருக்கும். எந்த மடையன் வாங்குவான்?"

"எங்கே, காட்டு."

"வேணாம் வெண்டல். நீ பாக்கவே வேணாம்."

பார்த்தான். சனிக்கிழமை வண்டி வாசலுக்கு வந்தது.

கொட்டகையிலிருந்து வந்த கார் கறுப்பாக இருந்தது. ஆனால் எஞ்சினுக்குப் பின்சுவரில் தொழிற்சாலைக்காரர்கள் அடித்த சின்னத் தகடு வேறு கதை சொன்னது. எந்த நிறத்தில் கார் பிறந்ததோ அந்த நிறத்தின் எண் அதில் இருக்க வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் தகரம்.

பக்கத்து வீட்டு கார்வின் டப்ஸ் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தான். ஊர்ப் பழைய கார் சங்கத்தின் தலைவன் அவன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊர்வலத்தில் அவனுடைய கார்தான் முதலில் போகும். அந்த முதலிடத்தைப் பார்த்துப் பார்த்து வெண்டலுக்கு வயிறு எரிந்து வந்தது.

"வெண்டல்," என்றான் கார்வின், பூதக்கண்ணாடியை எடுக்காமலே. "எண் இல்லேன்னா இது தனி ஆர்டர். கடையில காட்டுற நிற அட்டையில இல்லாத நிறம். முதல்ல வாங்குன ஆள் கேட்டு வாங்கியிருக்கான். இந்த மாதிரி வண்டி நம்ம சங்கத்துல ஒருத்தன்கிட்டயும் கிடையாது."

"உன்கிட்டயும்?"

"என்கிட்டயும்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டிக்குக் கொடுத்த விலை செரித்துவிட்டது. வெண்டல் அங்கேயே சபதம் செய்தான். அசல் நிறத்தைக் கண்டுபிடிப்பேன். அதே நிறத்தை அடிப்பேன். இந்த ஆகஸ்டில் ஊர்வலத்தின் முதல் காரை நான் ஓட்டுவேன்.

சபதம் செய்வது சுலபம். நிறத்தைக் கண்டுபிடிப்பது அப்படியில்லை. உப்புத்தாளை எடுத்துக் கதவோரத்தில் காசு அளவு வட்டமாகத் தேய்த்தான். கறுப்புக்கு அடியில் மெரூன். மெரூனுக்கு அடியில் பாசிப்பச்சை. பச்சைக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் துருவும் ஆண்டவனும். எவனோ ஒரு புண்ணியவான் முன்பே காரை வெறும் தகரம் வரை உரித்துவிட்டிருந்தான். மட்கார்டு, கூரை, பானெட் என்று எல்லா இடத்திலும் இதே கதை. கார் அம்மை போட்ட குழந்தை மாதிரி ஆயிற்று.

"என்ன நிறம்னு தெரிஞ்சுதா?" என்றாள் நோரீன், எலுமிச்சைச் சாற்றை நீட்டியபடி.

"பந்தயக்காரன் வண்டி. ஆரஞ்சாத்தான் இருக்கும்."

"ஆரஞ்சு பரவால்ல. எதுவா வேணா இருக்கட்டும். கத்தரிப்பூ நிறம் மட்டும் என் வாசல்ல நிக்கக்கூடாது. எனக்குக் குமட்டும்."

"கத்தரிப்பூ நிறத்துல எவன்டி பந்தயக் கார் வாங்குவான்?"

"அதானே. எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், வாசற்படியில் திரும்பினாள். "ஒண்ணு சொல்றேன். அந்த டிக்கி மூடிக்கு கீழ ஓடுற ரப்பர்ல மட்டும் கை வைக்காத. பிஞ்சா மழைத்தண்ணி உள்ள போயிரும்."

வெண்டல் நேராக டிக்கிக்குப் போனான்.

பசை காய்ந்து இறுகிய பழைய ரப்பரை நகத்தால் நெம்பினான். அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. உப்புத்தாளும் உரித்தவனும் மறந்துபோன பட்டை. அத்தனை வருஷமாக வெயில் படாமல், யாரும் பார்க்காமல், பூத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது அந்த நிறம். கத்தரிப்பூ.

அவன் முகம் ஒரு கணம் தொங்கியது. பந்தயக்காரன் போனான், ஆரஞ்சு போனது. மறுகணம் நோரீனின் குமட்டல் நினைவுக்கு வந்தது. முகம் மலர்ந்தது.

"நோரீன்! வந்து பாரு! உன் கத்தரிப்பூ!"

"ஐயையோ," என்றாள் நோரீன், சமையலறையை விட்டு வெளியே வராமலே.

இன்னொன்றும் இருந்தது. பட்டையின் நடுவில் குண்டுமணி அளவு சிவப்புப் பொட்டு. கார்வின் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். தொழிற்சாலையில் காரைச் சோதித்தவர்கள் அங்கங்கே பெயிண்டால் வைக்கும் அடையாளம்தான் அது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். அந்தப் பொட்டைப் பெரிதாகப் படமெடுத்து, சங்கம் கூடும் கோனி ஹாட்டாக் கடையில், சாஸ் வாசனைக்கு நடுவே வெண்டல் ஒரு சொற்பொழிவே நடத்தினான். சோதித்தவன் இடதுகைப் பழக்கமுள்ளவன் என்றுகூட நிரூபித்தான். ஒருவன் குறிப்பெடுத்தான்.

கோடை முழுக்கக் கார் பெயிண்ட் கொட்டகையில் கிடந்தது. நோரீன் தினமும் முகம் சுளித்தாள். அவள் சுளிக்கச் சுளிக்க வெண்டல் இன்னொரு பூச்சு அடிக்கச் சொன்னான். ரப்பருக்கு அடியில் இருந்த பட்டையை மட்டும் தொடவிடவில்லை. அது சாட்சி.

ஆனால் கார்வின் முதலிடத்தை விடுவதாயில்லை. தனி ஆர்டராம், அபூர்வமாம், எல்லாம் சரிதானாம். ஆனால் தலைவன் தலைவன்தானாம்.

இரவுச் சாப்பாட்டில் வெண்டல் இறைச்சி ரொட்டியைக் குத்திக் குத்தி நொறுக்கினான்.

"பாவம்," என்றாள் நோரீன், தனக்குத்தானே பேசுவதுபோல. "அந்தக் காரையெல்லாம் முதன்முதல்ல ஆசைப்பட்டு வாங்குனவங்களை யாரும் நினைக்கிறதே இல்ல. கார்வின் வண்டியோட முதல் ஆள் அந்த மருந்துக்கடைக் கிழவர் இன்னும் முதியோர் இல்லத்துல இருக்கார், தெரியுமா? கண்ணுதான் தெரியலையாம்."

வெண்டலின் முள்கரண்டி நின்றது.

அடுத்த கூட்டத்தில் அவன் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். கண்ணில் நீர்கூட வரவழைத்தான். ஊர்வலத்தின் முதல் காரை அதன் முதல் சொந்தக்காரர்தான் ஓட்டவேண்டும். அவர் செத்துப்போயிருந்தால், அல்லது யாரென்றே தெரியாவிட்டால், அப்போதுதான் இப்போதைய சொந்தக்காரர் ஓட்டலாம். உயிரோடிருந்தும் ஓட்ட முடியாதவர் என்றால் அந்தக் கார் பின்னால் போகட்டும். எல்லாரும் கை தட்டினார்கள். கார்வினும் வேறு வழியில்லாமல் தட்டினான். வெண்டலின் காருக்கு முதல் சொந்தக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது. கார்வின் வண்டி பின்னுக்குப் போக, சங்கத்திலேயே அபூர்வமான அந்த வண்டிக்கு முதலிடம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் வந்தது. பெரிய வீதியின் தலைமாட்டில் கத்தரிப்பூ நிறக் கார் வெயிலில் நின்றது. வெண்டல் கையுறை போட்டுக்கொண்டான். நோரீன் தலையில் ஒரு பூப்போட்ட துணி கட்டி வந்திருந்தாள். குமட்டலைக் காணோம்.

கார்வின் ஒலிபெருக்கியை வாயில் வைத்தான். விதிப்படி கேட்டாக வேண்டும். "இந்த வண்டியோட முதல் சொந்தக்காரர் இங்க இருக்காரா?"

"இருக்கேன்," என்றாள் நோரீன்.

கூட்டம் சிரித்தது. வெண்டலும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"விளையாடாத நோரீன்."

"விளையாடல. ஸ்பார்க் பிளக் ஃபேக்டரில ராத்திரி ஷிஃப்ட் பாத்துச் சேத்த பணம். நிறமும் நான் கேட்டதுதான். கடைக்காரன் மூணு தடவை 'நிச்சயமாம்மா?'ன்னு கேட்டான்."

"சாட்சி?" என்றான் கார்வின்.

"அந்தச் சிவப்புப் பொட்டு. என் நகப்பூச்சு."

"சோதனை அடையாளம்!" என்று அலறினான் வெண்டல்.

"நகப்பூச்சுடா கண்ணா. ரப்பர் கழண்டிருந்த நேரம் பௌலிங் பந்துப் பையோட கொக்கி இடிச்சு அந்த இடத்துல பெயிண்ட் பேந்துபோச்சு. துரு பிடிக்கக்கூடாதேன்னு கைப்பையில இருந்ததை எடுத்து வச்சு, மேல ரப்பரை ஒட்டினேன். அடிப்பக்கம் தடவிப் பாருங்க. பிறை மாதிரி நெளிஞ்சிருக்கும். அதை என்னைத் தவிர யாரும் இவ்வளவு நாள் தடவிப் பாக்கல."

கார்வின் டிக்கியைத் திறந்து, விளிம்பின் அடியில் விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது.

"வெண்டல்," என்றான். "பிறைதான். அப்புறம்... நோரீன் இடதுகைக்காரி இல்ல?"

குறிப்பெடுத்தவன் குறிப்பைக் கிழித்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் வெண்டல்.

"நீ எங்கே கேட்ட? தகட்டைக் கேட்ட. ரப்பரைக் கேட்ட. பட்டியைக் கேட்ட." அவள் கையை நீட்டினாள். "பொண்டாட்டி ஓட்டுன பழைய கார்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

வெண்டல் கையுறையின் விரல் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். 

"ஒரு நாள் வேலைலேர்ந்து வந்து பாக்குறேன், வாசல் காலியா இருக்கு," என்றாள் நோரீன், காரைப் பார்த்தபடி. "பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின்னு அப்பா வித்துட்டார். யாருக்குன்னுகூடச் சொல்லல. ரோட்டுல கத்தரிப்பூ நிறத்துல எது போனாலும் கொஞ்ச வருஷம் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். இந்த விளம்பரத்தைப் பாத்ததும் பண்ணைக்குப் போய் அந்தப் பிறையைத் தடவிப் பாத்துட்டுத்தான் பத்திரிகையை உன் காப்பிக்குப் பக்கத்துல விரிச்சேன்." கை இன்னும் நீண்டே இருந்தது. "சாவி."

"உனக்கு கிளட்ச்..."

"மூணாவது கியர் முரண்டு பிடிக்கும். இடப்பக்கம் லேசாத் தட்டிப் போடணும். நீ போடும்போதெல்லாம் பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவனே கொண்டுவந்த தீர்மானம். அவனே வரவழைத்த கண்ணீர். வெண்டல் கையுறையைக் கழற்றி, சாவியைக் கொடுத்து, சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தான். நோரீன் தன் கைப்பையை அவன் மடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு ஆகஸ்ட் ஊர்வலங்களில் அந்தக் காரை நோரீன்தான் ஓட்டினாள். வெண்டல் சாகும்வரை பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்து போனான்.