பாக்டீரியா வீட்டு வாசற்காவல்

"இனிகோ, கொஞ்சம் எந்திரியும் வே" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் ஜீவமணி. வகுப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் இனிகோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தாவின் அந்தக் கோடியில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர், கையில் காகிதத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீவமணி தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். "வெள்ளிக்கிழமை கமிட்டி வருது, நிரந்தரம் பண்ற விஷயமா" என்று முதல்வர் போகிற போக்கில் வராந்தாவில் சொன்னதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வேலை நிரந்தரமாகாவிட்டால் சாத்தான்குளத்தில் மாமனாரின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான். மாமனார் டியூபை முக்கிப் பார்க்கப் புதுத் தொட்டியே வாங்கி வைத்துவிட்டாராம்.

அதனால்தான் பாடத்தை நாடகமாகப் போட்டார். பாக்டீரியாவில் பாற்சர்க்கரையை ஜீரணிக்கும் என்சைமுக்கு ஒரு ஜீன் உண்டு. பால் இல்லாதபோது அந்த என்சைம் தண்டச்செலவு. ஆகவே ஜீனின் வாசலில் ரெப்ரஸர் என்றொரு புரதம் குந்திக்கொண்டு யாரையும் உள்ளே விடாது. பாற்சர்க்கரை வந்து ஒட்டினால் எழுந்து போய்விடும். ஜீனை நகலெடுக்கும் பாலிமரேஸ் உள்ளே புகுந்து வேலையை ஆரம்பிக்கும். வகுப்பறைதான் ஜீன். இனிகோ ரெப்ரஸர். ஒரு டம்ளர் பால்தான் பாற்சர்க்கரை. செல்வதுரையும் இன்னும் மூன்று மாணவர்களும் பாலிமரேஸ். மற்றவர்கள் முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நேற்று ஒத்திகையில் பால் டம்ளரைக் கண்டதும் இனிகோ சிட்டாய்ப் பறந்தார். இன்றைக்குக் கதை வேறு.

"ஒருசந்தி சார். தபசு காலத்து வெள்ளி. உச்சி சாயுற வரைக்கும் பாலைத் தொட மாட்டேன்."

நாசரேத் புராட்டஸ்டண்டான ஜீவமணிக்குக் கத்தோலிக்கரின் இந்த விரதம் நினைப்பிலேயே இல்லை. "குடிக்காண்டாம் வே. சும்மா கையில வாங்கிட்டு எந்திரியும்."

"கையில வாங்கினா வாய் சும்மா இருக்குமா சார்?"

ஜீவமணி யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. விளையாட்டு அறையிலிருந்து குளுக்கோஸ் தண்ணீர் வரவழைத்தார். "இது மருந்து மாதிரி. இதுக்கு ஒருசந்தி கிடையாதுல்லா?"

இனிகோ மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "பாலுக்குத்தான சார் எந்திரிக்கச் சொன்னிய?" என்றார். எழவில்லை.

அதோடு போயிற்றா? செல்வதுரை தன் ஆட்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, நீ எதுக்குல உக்காருத?"

"குளுக்கோஸ் இருந்தா பாக்டீரியா அதைத்தான் முதல்ல திங்கும், பாலிமரேஸ் பால் ஜீன் பக்கம் போவாதுன்னு நேத்து நீங்கதான சார் எழுதிப் போட்டிய?"

சரியாகத்தான் சொன்னான், பாவி. கமிட்டிக்காரர்கள் குனிந்து எழுதினார்கள்.

ஜீவமணி ஸ்டூலைப் பிடித்து இழுத்தார். இனிகோ இரண்டு கையாலும் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

"பாத்துக்கோங்க, இது மியூட்டேஷன் ஆன ரெப்ரஸர்" என்று ஜீவமணி மூச்சிரைக்கச் சமாளித்தார். "பால் வந்தாலும் நகராது. பாக்டீரியாவுல இப்படியும் உண்டு."

"நம்ம உடம்புலயும் இப்படித்தானா சார்?" என்றாள் முற்றத்தில் நின்ற மாணவி கிரேசி.

"நம்ம செல்லு துறைமுகத்துல சரக்கு எடுக்குத மாதிரிம்மா. ஜீனைச் சுருட்டிக் கட்டி நியூக்ளியசுக்குள்ள வச்சிருக்கும். கட்டை அவுக்க ஒரு ஆளு, வேலையை ஆரம்பிக்கப் பத்து ஆளு, நகலைத் திருத்த ஒரு ஆளு, வெளிய அனுப்ப ஒரு ஆளு. இங்கன ஒத்த ஆளையே என்னால எழுப்ப முடியல."

அதற்குள் கமிட்டித் தலைவரே வந்து உள்ளே நுழையப் பார்த்தார். இனிகோ குறுக்கே காலை நீட்டினார். தலைவர் அந்தக் காலைப் பார்த்தார், என்னவோ எழுதினார், மூவரும் போய்விட்டார்கள்.

ஜீவமணிக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே ஆபீசுக்குப் போய் கிளார்க் தேவகனியின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார். "ராஜினாமா எழுத ஒரு தாள் குடுங்கக்கா. இந்த இனிகோவால என் பிழைப்பே போச்சு."

தேவகனி, கமிட்டி கொடுத்துவிட்டுப் போன குறிப்பை டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "உங்க கமிட்டி அடுத்த வெள்ளிக்கில்லா சார் வருது, இன்னைக்கு வந்தது இனிகோவை நிரந்தரமாக்க, வாத்தியாரே பால் குடுத்து மயக்கிப் பாத்தும் ஆளு வாசலை விட்டு அசையலன்னு எழுதிட்டுப் போயிருக்காவ."