பழைய படம்

முக்காலியில் ஏறி பீரோவின் மேல்தட்டைக் கிளறிக்கொண்டிருந்த பஸ் டிரைவரின் பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"என்ன தேடறீங்க?"

"லைசென்ஸ்."

"சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கே, அது என்ன?"

அவர் விழித்தார். முந்தாநாள் ஸ்கேனில் அவருடைய வலது நுரையீரலில் எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டி தெரிந்தது. "ஓரம் வழுவழுன்னுதான் இருக்கு. ஆனாலும் பழைய படம் இருந்தா கொண்டுவாங்க. வளராம அப்படியே இருந்தா பயமில்லை" என்றார் டாக்டர். ரெண்டு வருஷம் முன்பு ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதியபோது எடுத்த படம் வீட்டில் எங்கேயோ இருந்தது. எங்கே என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் உடைந்துபோவாள்.

"லைசென்ஸ் இல்ல, நம்ம கல்யாண ஆல்பம்."

முப்பது வருஷத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. ஆல்பத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இவர் போயிட்டாரு. இவங்களும் போயிட்டாங்க. இதோ, சமையல்காரர். அவரும் போயிட்டாரு."

கடைசிப் பக்கம் வருவதற்குள் கல்யாண மண்டபமே காலியாகிவிட்டது. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழறீங்களா?"

"தூசி."

அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் அவசரமாக அடித்தட்டில் அவள் துணிகளுக்குக் கீழே கைவிட, ஸ்கேன் சென்டரின் பழுப்புக் கவர் அகப்பட்டது. முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"ஏன் இப்படி விறைப்பா நிக்கிறீங்க?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"சட்டையைக் கழட்டுங்க, தைலம் தேய்க்கிறேன்."

"வேணாம், டாக்டரையே பாத்துட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? ஆஸ்பத்திரி வாசனைக்கே உனக்குத் தலை சுத்தும்."

அவர் பஸ்ஸில் சாயாமல், குனியாமல், ராணுவ வீரர் மாதிரி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"உங்க கட்டி வலது பக்கம். இதுல இடது பக்கம் இருக்கு. ஓரமெல்லாம் முள்ளு முள்ளா வேற. இது நல்ல கட்டி இல்லையே. புதுப் படத்துல எப்படிக் காணாமப் போச்சு?"

"தானா கரைஞ்சிருக்குமோ டாக்டர்?" என்றார் டிரைவர், நப்பாசையோடு.

புதுப் படத்தோடு பக்கத்தில் நின்ற ஸ்கேன் எடுக்கும் பெண், கவரைத் திருப்பிப் பெயரையும் விலாசத்தையும் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"இது சார் வீட்டம்மாவோடது டாக்டர். போன மாசம் நான்தான் எடுத்தேன். வீட்டுக்காரர் தாங்கமாட்டாரு, சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க."