சோற்றுக்குப் பயந்த லைன்

கும்மிடிப்பூண்டியின் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் உண்ணுதல் கோளாறு என்று கேள்வித்தாள் சொன்னது. சுகிர்தா மறுபடி மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். மாறவில்லை.

அந்தக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, அது நோயைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பதுதான் அவளுடைய ஆய்வு. பொய்த்தால் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

சோற்றைக் கண்டால் பயமா? எப்போதும். சாப்பிட்டதாகப் பொய் சொல்வதுண்டா? அடிக்கடி. ஒளித்துத் தின்பதுண்டா? ஒருபோதும் இல்லை. இப்படிக் குறித்தவர்கள்தான் கேன்டீனில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்விகள் புரியவில்லையோ என்று சொற்களை எளிமையாக்கிக் கொடுத்தாள். அதே பதில்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுகிறார்களோ என்று, அவரவர் மெஷின் அருகிலேயே தனித்தனியாக நிற்க வைத்து எழுதச் சொன்னாள். முன்னைவிட அச்சாக அதே பதில்கள்.

செய்தி மனிதவள அதிகாரி ஜெரால்டுக்கு எட்டியது. அவர் பயந்துபோய் தினமும் முட்டை போடச் சொன்னார். யார் மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்க்க, கை கழுவும் இடத்தில் ஆள் நிறுத்தினார். ஆள் முறைத்துப் பார்த்ததில் சிலருக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை.

"ஹெட் ஆபீஸ்ல கேட்டா நான் இன்னா மேடம் சொல்றது? சோறு நல்லாத்தான கீது?" என்றார்.

சுகிர்தா மனநல டாக்டர் திலகவதியை அழைத்துவந்தாள். அவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டு வந்தார்.

"இவங்க யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா சும்மா டிக் அடிச்சா பதில் இவ்ளோ பொருந்தி வராது. இது யாரோ ஒருத்தங்க நெஜமா அனுபவிக்கிறது. அவங்களுக்கு உடனே வைத்தியம் பாக்கணும்."

ஆளே இல்லாத நோயா? சுகிர்தா கேன்டீனுக்குப் போய், லைனில் மூத்தவளான கன்னியம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். கன்னியம்மா சோற்றில் குழி பறித்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சோத்தப் பாத்தா உங்களுக்குப் பயமா?"

"எனக்கு இன்னா பயம்?"

"அப்புறம் ஏன் அப்படிக் குறிச்சீங்க?"

கன்னியம்மா அப்பளத்தை நொறுக்கினாள்.

"மாதிரிக்குன்னு உன் பேரு போட்டு, ஒரு பேப்பர் ஃபுல்லா டிக் அடிச்சு, நீதான மேடம் லைனுக்கு மேல மாட்டின? மேல தொங்குற சாம்பிள் மாதிரி வரலன்னா எங்களுக்கு ரிஜெக்டு."