கோட்டை வாசலை அடைத்த தவசி

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நமக்கு முன்னால் அந்த ஆபீசில் யாருக்குமே மூளை வேலை செய்யவில்லை என்று ஓர் எண்ணம் வரும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நாவலூரில் ஆன்லைன் கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. (நான் நாள் முழுக்க விளையாடித்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று என் மாமனார் இன்றும் நம்புகிறார்.) பல பேர் அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. வாள் வீரனாகலாம், வில்லாளியாகலாம், தவசியாகலாம். தவசி பெரிய மந்திரவாதிதான். ஆனால் கோலைத் தரையில் ஊன்றி, நின்ற இடத்திலேயே நின்றால்தான் மந்திரம் பலிக்கும். பாதி மந்திரத்தில் ஏதாவது பூதம் வந்து இடித்துத் தள்ளிவிடும். அதனால் அவனை ஒருவரும் சீந்தவில்லை.

"தவசியைத் தேத்த முடியுதான்னு பாரு. இல்லைன்னா தூக்கிடலாம்ங்கறார் முதலாளி," என்றார் டீம் லீட் ரோசலின் அக்கா.

என் புரொபேஷன் முடியவிருந்த நேரம். தவசியைத் தூக்கினால் கையோடு என்னையும் தூக்கிவிடுவார்கள் என்று அவர் சொல்லாமலே புரிந்தது.

ஞானம் பஸ்ஸில் வந்தது. கேம்ப் ரோட்டில் ஏறும்போது படிக்கட்டில் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கண்டக்டர் கத்தினார், காலேஜ் பிள்ளைகள் முட்டினார்கள். மனிதர் மேடவாக்கம் வரை அசையவில்லை. ஆபீஸ் போனதும் எழுதினேன்: கோலை ஊன்றிய தவசியை யாராலும் அசைக்க முடியாது, கொல்லவும் முடியாது.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டேன்," என்றார் அக்கா.

"பக்காவா இருக்குக்கா!" என்றேன்.

வெள்ளோட்ட நாளில் வழக்கமாக ஆடுபவர்களை அழைத்திருந்தோம். முதலாளி பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நானே தவசி. எடுப்பாகத் தெரியட்டும் என்று கோட்டை வாசலின் நட்டநடுவில் கோலை ஊன்றி மந்திரம் போட்டேன். வானம் நீலமாக வெடித்தது. கைதட்டல்!

"சரி, எல்லாரும் உள்ளே போகலாம்," என்றார் முதலாளி.

கோலைப் பிடுங்கும் பொத்தானை அழுத்தினேன். தவசி அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் உறைத்தது. 'யாராலும்' என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதில் நானும் அடக்கம். என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகவும் வாசலில் இடமில்லை.

ஸ்பீக்கரில் குரல்கள் வர ஆரம்பித்தன.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க." இது பல்லாவரத்திலிருந்து ஆடும் பர்வீன்.

"இன்னா சார், கேட்டாண்ட நின்னுகினு கீற? ஒரே பேஜாரா பூட்ச்சி!" இது யாரென்று இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்து டிராகன் வந்தது. (அதை வரவழைத்ததும் நான்தான். பிரம்மாண்டமாக இருக்கட்டுமே என்று.) வெளியே நின்றவர்கள் உள்ளே ஓட வழியில்லாமல் என் முதுகில் முட்டி முட்டி, டிராகனிடம் செத்தார்கள். எங்கள் விளையாட்டில் செத்தவர்கள் கோட்டைக்குள் மறுபடி பிறப்பார்கள். ஆக, உள்ளே போக அதுதான் ஒரே வழி என்றாகிவிட்டது. நான் முதலாளி பக்கம் திரும்பவே இல்லை. வேளச்சேரியில் வேறு வேலை கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், ஓடாதீங்க! டிராகனாலயும் உள்ள வர முடியல பாருங்க!" என்று பர்வீன் கத்தினார்.

உண்மைதான். வாசலில் தவசி நிற்க, டிராகன் முட்டிக்கொண்டு நின்றது. செத்து உள்ளே மறுபடி பிறந்தவர்கள் எல்லோரும் கோட்டைச் சுவரில் ஏறி நின்று அம்பு விட்டார்கள். டிராகன் சாய்ந்தது. ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒரே கூச்சல். தவசி மட்டும் அப்படியே நின்றான். கடைசியில் சர்வரையே நிறுத்தித்தான் வாசலைத் திறந்தோம்.

ரோசலின் அக்கா எழுந்தார். "ஐடியா சரிதான் சார். நான்தான் சரியா செக் பண்ணாம விட்டுட்டேன்."

ஓட்டிக் காட்டச் சொன்னவர் அவர். ஓட்டாமலே பக்கா என்றவன் நான்.

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவனைத் தூக்க வேண்டாம்," என்றார். "தூக்கவும் முடியாது போலிருக்கே."

அன்று சாயங்காலமே அக்கா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. "எதிரிக்குச் சுவர். நம்ம ஆளுங்க ஊடால நடந்து போகலாம். அவனா நினைச்சா கோலைப் பிடுங்கலாம். எழுது," என்றார். எழுதினேன். இன்று தவசி இல்லாமல் எங்கள் விளையாட்டில் யாரும் சண்டைக்குக் கிளம்புவதில்லை. என் வேலையும் நிலைத்தது. பெயர் எனக்கு, உழைப்பு அக்காவுக்கு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சேலையூரில் அவர் வீட்டுக்குக் கேக்கோடு போய் நிற்கிறேன். நன்றி என்று ஆரம்பித்தால், "போடா, பிரியாணி ஆறுது," என்று விரட்டிவிடுவார்.

இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னவரும் அவரேதான். சமையலறை வாசலில் போனைப் பார்த்தபடி நான் நின்றால், உள்ளேயிருந்து இன்றும் குரல் வரும்.

"டிராகன் வந்தா சொல்றேன், அப்போ வந்து நில்லுங்க. இப்ப குக்கரை இறக்கணும்."

நகர்ந்துவிடுகிறேன். அந்த அளவுக்கு என்னையும் தேற்றிவிட்டார்கள்.