தையல்காரர் வீட்டு ஊதா மரம்

தையல்காரர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். மரத்தின் ஊதா முக்கால்வாசி போய்விட்டது. போன இடமெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறம்.

அது அலங்கார வேல மரம். மனைவி கன்றாக வாங்கி வந்து வைத்தது. ஆனால் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "பார்த்தீங்களா, என்னிக்காவது இந்த ஊதா மங்கியிருக்கா? எல்லாம் கைராசி!" என்று பீற்றிக்கொள்வது அவர்தான். அதற்கு ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றிய கை அல்ல அது.

மனைவி மகள் வீட்டுக்குப் போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. சண்டை ஒரு கத்தரிக்கோலுக்காக. துணி வெட்டும் கத்தரிக்கோல் மறுபடியும் மழுங்கியிருந்தது. "எதைடி வெட்டித் தொலைச்சே?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கத்திவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமென்றால் அன்றே விழுங்கியிருப்பார்.

போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"மரம் எப்படி இருக்கு?"

"ஊதான்னா ஊதா, அப்படி ஒரு ஊதா! நீ எப்ப வர்றே?"

"நான் இல்லாமலேயா?" அவள் குரலில் என்னவோ இருந்தது. "சரி, ஞாயித்துக்கிழமை வீடியோவில காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

மரம் போனால் மனைவியும் போனாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. சத்துதான் குறைச்சல் என்று உரத்தை அள்ளிக் கொட்டினார். மிச்சத்தில் பாதியும் உதிர்ந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடையில் கிடந்த ஊதா சாட்டின் துணியைச் சின்னச் சின்ன இலையாக நறுக்கி, ஏணி போட்டு ஏறி, கிளை நுனிகளில் கட்ட ஆரம்பித்தார். மழுங்கிய கத்தரிக்கோல் துணியைக் கடித்துக் குதறியது.

கீழே பக்கத்து வீட்டு டீச்சர் வந்து நின்றார்.

"அண்ணே, அது என் பொண்ணோட கவுன் துணியாச்சே!"

ஏணி ஆடியது. ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேற துணி எடுத்துத் தைச்சுத் தர்றேம்மா. அவ மரத்தைக் கொன்னுட்டேன். அவ இருந்தவரைக்கும் வருஷம் முழுக்க ஊதாவா நின்னுச்சு. அவ போனதும் அதுக்கும் மனசு விட்டுப்போச்சு, என்னைய மாதிரி."

டீச்சர் அவர் கையிலிருந்த கத்தரிக்கோலையே பார்த்தார்.

"மனசும் இல்ல, மண்ணும் இல்லண்ணே. இதுக்குத் துளிர் மட்டும்தான் ஊதா. முத்தினா சாம்பலாயிடும். நுனியை வெட்டிக்கிட்டே இருந்தாத்தான் துளிர் வந்துக்கிட்டே இருக்கும்."

"இத்தனை நாளா யாரு வெட்டினா?"

"அண்ணிதான். நீங்க திட்டும்போதெல்லாம் உங்க கத்தரிக்கோலைத் தூக்கிட்டு வந்து, நறுக் நறுக்குன்னு நுனியை வெட்டுவாங்க. வருஷம் முழுக்க ஊதாவா இருந்துச்சுன்னா பார்த்துக்குங்களேன்!"